பாதி கேட்ட சேதி

முப்பத்தொண்ணு. டோக்கன் சீட்டுல முப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கு, உள்ள இப்பத்தான் பத்தொன்பது போயிருக்கு, போகட்டும், மெதுவாவே போகட்டும், இந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருக்கிற வரைக்கும் எதுவும் நடக்கலைன்னுதான் அர்த்தம். போன் சட்டைப் பையில அணைஞ்சு கிடக்கு. நாந்தான் அணைச்சேன். காலையில ஆறே முக்காலுக்கு, குளிச்சிட்டு ஈரத் துண்டோட சாமி படத்துக்கு முன்னாடி நிக்கிறப்ப, தம்பி ரெங்கன் கூப்பிட்டான். "அண்ணே, நம்ம தங்கராசண்ணன்..." அப்படின்னான், அப்புறம் அழுதான். நான் போனை வச்சிட்டேன், வச்சு அணைச்சும் போட்டேன். நடந்தது இவ்வளவுதான். தங்கராசண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு அவன் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு சொல்ல வந்திருக்கலாம், கால் வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்ல வந்திருக்கலாம். நாப்பத்தெட்டு வயசு ஆம்பளை விடியக்காலையில போன் போட்டு விக்கி விக்கி அழுதா என்ன சேதின்னு எனக்குத் தெரியாதா, நான் என்ன சின்னப் பிள்ளையா, தெரியும். ஆனா தெரியறது வேற, காதுல விழறது வேற. எங்க பக்கம் அப்படித்தான். பங்காளி சாவுன்னா சேதி காதுல விழுந்த நேரத்துலேருந்து தீட்டு. விழாத வரைக்கும் இல்லை. மலை ஏறிக்கிட்டிருக்கிறவன்கிட்ட ஊர்ல செத்துப் போனதைச் சொல்ல மாட்டாங்க, இறங்கி வந்தப்புறம்தான் சொல்லுவாங்க, அதுவரைக்கும் அவன் கழுத்துல மாலை இருக்கலாம். என் கழுத்துலயும் இருக்கலாம். இருக்கு. கையை வச்சுப் பாத்துக்கிட்டேன், இருக்கு.

பக்கத்துல ஒரு அம்மா, பூக் கட்டுறவங்க போலிருக்கு, விரல் நுனியெல்லாம் நாரு அறுத்த தழும்பு, வாய்ல ஒரு பக்கம் புண்ணு, சேலை முந்தானையால மூடி மூடிப் பேசுறாங்க. "சாமி எத்தனையாவது நம்பரு?"ன்னாங்க. சொன்னேன். "நான் முப்பது. எனக்கு வெத்தலையும் போயிலையும். சாமிக்கு என்னா?" "சிகரெட்டு, முன்னாடி பீடி." "அட, மாலை போட்டா அதெல்லாம் தானா விட்டுருமே சாமி, அப்புறம் எதுக்கு இங்க வந்து குந்தியிருக்கீங்க?" நல்லாக் கேட்டுச்சு அந்தம்மா. அம்பத்தொன்பது நாளா இதைக் கேக்க ஒருத்தருக்கும் வாய் வரலை, கவுன்சிலிங் மேடத்துக்கே வரலை, இந்தம்மா புண்ணு வாயோட கேட்டுருச்சு. "சும்மா ஒரு செக்கப்பு"ன்னேன். அவங்க என் காலைப் பாத்தாங்க. எல்லாரும் பாக்கிறாங்க. கருப்பு வேட்டி, கருப்புச் சட்டை, கழுத்துல துளசி மாலை, கால்ல மட்டும் ஆஸ்பத்திரி ரப்பர் செருப்பு. மாலை போட்டவன் செருப்புப் போடக் கூடாது. போடாம நடந்தா பாதமே போயிரும்னு டாக்டர் கத்துனாரு. சாமி பாத்துக்கும்னு சொன்னேன், சாமி பாக்கட்டும், நீ செருப்பைப் போடுன்னாரு. போட்டேன். அன்னைக்கே விரதத்துல ஒரு ஓட்டை விழுந்துச்சு. இன்னைக்கு இன்னொண்ணு. எத்தனை ஓட்டையோட இது ஓடுமோ தெரியலை.

வலது கால். பிரேக்கு மிதிக்கிற கால். இருபத்து மூணு வருசமா சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேருந்து துவாக்குடிக்கும் துவாக்குடியிலேருந்து சத்திரத்துக்கும் டவுன் பஸ் ஓட்டுன கால். மொதல்ல கெண்டைச் சதை இழுத்துப் பிடிச்சுச்சு, பாலக்கரை வரைக்கும் நடக்க முடியலை, நின்னு நின்னு போனேன், வயசாச்சுன்னு நெனச்சேன். அப்புறம் பாதம் எரிஞ்சுச்சு. அப்புறம் கட்டை விரலுக்கு அடுத்த விரல் நுனி கறுத்துச்சு, கிரீஸ் ஒட்டியிருக்குன்னு நெனச்சு மண்ணெண்ணெய் வச்சுத் தேய்ச்சேன் பாரு, அந்தக் கூத்தை யார்கிட்டச் சொல்ல. தேய்ச்சாப் போகிற கறுப்பு இல்லை அது. ரத்தக் குழாய் டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்துல காட்டுனாரு, தொடையில நல்லா இறங்கி வந்த கோடு முட்டிக்குக் கீழ நூலாப் போயி, பாதத்துல காணவே காணோம். "சக்கரை கிடையாது, கொழுப்பு கிடையாது, இது பூரா நீங்க ஊதி ஊதி அடைச்சது"ன்னாரு. "அந்த விரல் போயிரும், அதை விடுங்க. இன்னையோட நிறுத்துனா பாதம் தப்பிக்கும். ஒண்ணே ஒண்ணு பிடிச்சாலும் நான் கணுக்காலுக்கு மேல கத்தியை வைக்கணும்." அன்னைக்கு அவரு கத்தலை, திட்டலை, லைசென்சு ஆபீஸ்ல அப்ளிகேஷன் பாரத்தைத் திருப்பிக் குடுக்கிற மாதிரிச் சொன்னாரு. சொல்லிட்டு மாடியில பதினேழாம் நம்பர் ரூமுக்குப் போங்க, புகையை விடுறதுக்கு உதவி பண்ணுவாங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. அந்த ரூமுதான் இது. அன்னைக்குப் படியேறி வர்றதுக்குள்ள ரெண்டு தடவை கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், நிக்கிறப்ப ஒண்ணு பத்த வைக்கலாமான்னு கை தானா பைக்குப் போச்சு. பாதம் போயிரும்னு கேட்டு மூணு நிமிசம்கூட ஆகலை.

உள்ள இருந்தது ஜெசிந்தா மேடம். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், எப்பவும் தூக்கம் பத்தாத கண்ணு, மேசையில ஆறிப்போன டீ. ஒரு நாளைக்கு எத்தனை, எழுந்திருச்சு எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்டு, எப்பெப்பத் தோணும், எல்லாம் எழுதுனாங்க. இதுக்கு முன்னாடி விட்டிருக்கீங்களான்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பத்தொன்பது தடவை விட்டிருக்கேன் மேடம், வருசத்துக்கு நாப்பத்தெட்டு நாளு, கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டா அன்னைக்கே நின்னுரும், கை நடுங்காது, தலை வலிக்காது, பக்கத்துல எவன் ஊதுனாலும் திரும்பிப் பாக்க மாட்டேன். "அப்புறம்?" அப்புறம் மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டுவேன். கழட்டுன கையோட வெளியில வந்து ஒண்ணு பத்த வைப்பேன். குருசாமி வீட்டு வாசல் தாண்டி ஒரு பெட்டிக்கடை, பத்தொன்பது வருசமும் அந்தக் கடைதான், கடைக்காரரு என்னைக் கண்டா கேக்காமலே எடுத்து நீட்டுவாரு. அதைப் பெருமையாச் சொன்னேன் மேடத்துக்கிட்ட. என்னால முடியும்ங்கிறதுக்குச் சாட்சியாச் சொன்னேன். மேடம் பேனாவை வச்சிட்டு என்னையே பாத்தாங்க. நிறுத்துற தேதி ஒண்ணு குறிக்கணும்னாங்க. அப்ப வைகாசி முடியப் போகுது. கார்த்திகைக்கு அஞ்சு மாசம் இருக்கு. அஞ்சு மாசம் பாதம் காத்திருக்குமா. அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு, நானே மெச்சிக்கிட்டேன் என்னை. மாசா மாசம் நடை திறக்கிறாங்கல்ல. ஆனி ஒண்ணு போட்டுருவோம். குருசாமி, இப்ப எதுக்கப்பா மாலைன்னாரு. வேண்டுதல்னேன், ஆவணி மாசப் பூசைக்குப் போறேன்னேன். பொய்யின்னு சொல்ல முடியாது. முழு நெசமும் இல்லை.

அம்பத்தொன்பது நாளு. ஒவ்வொரு வாரமும் மேடம் ஒரு மெஷினைக் குடுத்து ஊதச் சொல்லுவாங்க, மூச்சுல புகை எவ்வளவு இருக்குன்னு காட்டும், முதல் நாள் இருபத்தாறு, அப்புறம் நாலு, மூணு, ரெண்டு. சூயிங்கம் வேணுமான்னு கேப்பாங்க, சாமி இருக்கும்போது சூயிங்கம் எதுக்குன்னு சொல்லுவேன். போன்ல பேச ஒரு நம்பர் குடுத்தாங்க, மனசு தடுமாறுனா எப்ப வேணா கூப்பிடலாமாம், அந்தச் சீட்டை வாங்கிப் பஸ் டிக்கெட்டு மாதிரி சுருட்டி எறிஞ்சேன். எனக்கு என்ன தடுமாற்றம். வீட்டுலதான் தடுமாற்றம். வளர்மதி நாலரைக்கு எழுந்திருச்சு தலைக்கு ஊத்திச் சமைக்கணும், ஆனி மாசத்துலயும் ஆடி மாசத்துலயும் எந்த வீட்டுல இந்தக் கூத்து. கவுச்சி கிடையாது. அவளுக்கு மூட்டு வலி, பச்சைத் தண்ணி ஆகாது, ஊத்துறா. மக ஓசூர்லேருந்து ஆடிக்கு வரேன்னா, வேண்டாம்மா வீட்டுல சாமி மாலை போட்டிருக்காருன்னு இவளே தடுத்துட்டா. புருசனைப் பேர் சொல்லாதவ, ஏங்கன்னு கூப்பிடுறவ, ரெண்டு மாசமா சாமி சாமிங்கிறா. முந்தாநாள் சாப்பாடு போடுறப்பக் கேட்டா, "ஆவணிப் பூசைக்குப் போயிட்டு வந்து கழட்டிருவீங்கல்ல சாமி?" பாப்போம்னேன். கரண்டி அப்படியே நின்னுச்சு. "பாப்போம்னா?" புரட்டாசியும் சேத்து இருந்துரலாம்னு பாக்கிறேன்னேன். அப்புறம் ஐப்பசி, அப்புறம் கார்த்திகை வந்துரும், தை வரைக்கும் ஓட்டிரலாம், அதுக்கப்புறம் மாசிக்கு ஒரு வேண்டுதல் கிடைக்காமலா போகும். இதெல்லாம் சொல்லலை. ஆனா அவ கேட்டுட்டா, அவளுக்கு நான் சொல்லாததுதான் நல்லாக் கேக்கும். ரசத்தை ஊத்திட்டு உள்ள போயிட்டா.

இருபத்து நாலு போயிருக்கு. கீழ போர்டிகோவுல எவனோ பத்த வச்சிருக்கான், ஜன்னல் வழியா வருது, மெல்லிசா. அம்பத்தொன்பது நாளா இது எனக்கு வெறும் நாத்தம். இன்னைக்கு அப்படி இல்லை. இன்னைக்கு நாக்குக்கு அடியில எச்சி ஊறுது, நெஞ்சுக்குள்ள ஒரு இடம், நடுவுல, குழிஞ்சு போயி இதுக்குத்தான் காத்திருந்தேன்னு சொல்லுது. துவாக்குடியில டிரிப்பு முடிச்சு, இஞ்சினை அணைச்சதும் ஒரு அமைதி வரும், காது விண்ணுன்னு இருக்கும், இறங்கி டயர் பக்கத்துல நின்னு முதல் இழுப்பு. அந்த ஒரு இழுப்புக்காகத்தான் நான் பஸ்ஸே ஓட்டுனேனோன்னு தோணும். எப்படி ஒரே காலையில திரும்பி வந்துச்சு இது? மாலை கழுத்துலதான் இருக்கு. கழுத்துல இருக்கு, ஆனா இந்த ஆசைக்குத் தெரிஞ்சிருச்சு. ரெங்கன் பாதி சொன்னதும் எனக்குத் தெரிஞ்ச மாதிரியே அதுக்கும் தெரிஞ்சிருச்சு. நெசத்தைச் சொல்லணும்னா பயமா இருக்கு. டாக்டர் படத்தைக் காட்டுனப்பக்கூட இப்படிப் பயம் இல்லை. கையைத் தொடைக்கு அடியில வச்சு உக்காந்திருக்கேன், அந்தம்மா பாத்துட்டு, "குளுருதா சாமி?"ன்னு கேக்கிறாங்க. ஆடி மாசத்துல மின்விசிறி சுத்தாத வராண்டாவுல என்ன குளிரு. ஆமாம்மான்னேன்.

இதுல ஒண்ணு பாரு. காலையிலேருந்து என் கழுத்தைப் பத்தியும் காலைப் பத்தியும்தான் யோசிக்கிறேன், மனுசனைப் பத்தி யோசிக்கவே இல்லை. பெரியப்பா மகன். என்னைவிட ஒன்பது வயசு மூப்பு. எனக்கு ஸ்டியரிங்கு பிடிக்கக் குடுத்தவரு அவருதான், நெல்லு மூட்டை ஏத்துன டிராக்டரு, மடியில உக்கார வச்சு இல்லை, நேரா சீட்டுல உக்கார வச்சுட்டு அவரு மூட்டை மேல ஏறிப் படுத்துக்கிட்டாரு. "இடிச்சா என்னையத்தான் கேப்பாங்க, நீ ஓட்டுடா மருதையா." அப்படி ஒருத்தரு. அவரு பேரை நான் மக கல்யாணப் பத்திரிகையில விட்டுட்டேன். வேணும்னு விடலை. அச்சாபீஸ்ல தாளைக் குடுத்து சரி பாருங்கன்னாங்க, உள்ள ஊதக் கூடாதுன்னதால அவசரமா ஒரு பார்வை பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வெளியில ஓடி வந்தேன். பங்காளிங்க வரிசையில பதினோரு பேரு, முதல் பேரே இல்லை. ஐநூறு பத்திரிகையும் கை மாறினப்புறம்தான் தெரிஞ்சுது. நேர்ல போயிக் கால்ல விழுந்திருக்கலாம். போன்ல சொன்னேன், அச்சாபீஸ்காரன் தப்புன்னேன். அவரு கல்யாணத்துக்கு வந்தாரு, லால்குடியிலேருந்து பஸ்ஸேறி வந்தாரு, மண்டபத்துக்கு வெளியவே நின்னாரு, மகளை வரச் சொல்லி கையில மொய்க் கவரைக் குடுத்துட்டு, சாப்பிடாமப் போயிட்டாரு. நாலு வருசம். நாலு வருசமா ஒரு வார்த்தை இல்லை. இப்ப அவரு செத்தாருன்னு சொல்ல வந்தவனையும் சொல்ல விடாமப் பண்ணிட்டேன். சே. இதுக்குப் பேரு விரதமா.

போயித்தான் ஆகணும். போனா என்னன்னு எனக்குத் தெரியும், சாவு வீடு எனக்குப் புதுசா. வாசல்ல பந்தல், பந்தலுக்குக் கீழ நாற்காலி, ஆம்பளைங்க பூரா அங்கதான். நடுவுல ஒரு எவர்சில்வர் தட்டு. வெத்தலை, பாக்கு, பீடிக் கட்டு, பிரிச்சு வச்ச சிகரெட்டு, தீப்பெட்டி. அது ஆள் ஆளா நகரும், காலி ஆக ஆக நிரப்புவாங்க. எங்கப்பா செத்தப்ப நாந்தான் நிரப்புனேன். வந்தவனுக்குப் பேசத் தெரியாது, அழவும் முடியாது, தட்டைப் பாப்பான், ஒண்ணை எடுப்பான், அதோட அவன் துக்கம் கேட்டதா ஆயிரும். தங்கராசண்ணன் மகன் தட்டை என் முன்னாடி நீட்டுவான். நாலு வருசமாப் பேசாத சித்தப்பன் வந்திருக்காருன்னு ஊரே பாக்கும். வேண்டாம்னு கையைக் காட்டுனா என்ன நெனப்பாங்க? செத்தப்புறமும் வீம்பு போகலை பாருன்னு நெனப்பாங்க. கால் விசயம் அங்க யாருக்கும் தெரியாது. மாலையோட இருந்தா நீட்டவே மாட்டான், சாமிக்குக் காட்டாதடான்னு இன்னொருத்தன் தட்டை இழுத்துக்குவான். ஆனா மாலையோட சாவு வீட்டுக்குள்ள எவன் போவான். கழட்டிட்டுத்தான் போகணும். கழட்டுனா நான் எடுப்பேன். இதுல சந்தேகமே இல்லை எனக்கு. பத்தொன்பது வருசமா எடுத்திருக்கேன், இருபதாவது தடவை மட்டும் எடுக்காம இருக்க நான் யாரு. அம்பத்தொன்பது நாளா நிறுத்துனது மாலை, நான் இல்லை. நான் ஒரு நாள்கூட நிறுத்தலை. இதுதான் விசயம். இதை எவன்கிட்டச் சொல்றது, அலுத்துப் போச்சு, எந்திரிச்சு வீட்டுக்குப் போகவும் தெம்பு இல்லை.

"முப்பத்தொண்ணு. மருதையன்." அதுக்குள்ளயா. பூக்கார அம்மா எப்ப உள்ள போச்சு, எப்ப வந்துச்சு, நான் கவனிக்கலை. ஜெசிந்தா மேடம் நிமிந்து பாக்காமலே மெஷினை நீட்டுனாங்க. ஊதுனேன். ரெண்டு. "அம்பத்தொன்பது நாள் ஆச்சா மருதையன் சார்? இந்த ரூமுக்கு வர்றவங்கள்ல நீங்கதான் தொந்தரவே குடுக்காத ஆளு"ன்னு நோட்டை இழுத்தாங்க. எழுதாதீங்க மேடம்னேன். ஏன்னாங்க. வாயைத் திறந்தேன், வந்துருச்சு எல்லாம், ஒரு ஒழுங்கில்லாம, தம்பி போன் பண்ணது, நான் அணைச்சது, பாதி சேதி, தட்டு, பத்திரிகை, மாலை. அவங்க கோயிலுக்குப் போறவங்க இல்லை, சர்ச்சுக்குப் போறவங்க, மாலை, தீட்டெல்லாம் என்ன புரியும்னு நெனச்சேன். பாதியில நிறுத்தி, "கழட்டுனா பிடிச்சிருவோம்னு பயப்படுறீங்களா, இல்லை கழட்டாம இருக்கிறது தப்புன்னு பயப்படுறீங்களா?"ன்னு கேட்டாங்க. "ரெண்டும்தான்." இந்தத் தடவை சூயிங்கம் குடுங்க மேடம்னு நானே கேட்டேன். குடுத்தாங்க. எப்படி மெல்லணும், எப்பக் கன்னத்துல ஒதுக்கி வைக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. "இது கொஞ்சம் தாங்கும். முழுசாத் தாங்காது. அங்க எவ்வளவு நேரம் இருக்கணும்?"

"உடம்பை எடுக்கிற வரைக்கும். சாயங்காலம் நாலு, அஞ்சு ஆகும்." "தட்டு எங்க இருக்கும்?" "வெளியில, பந்தல்ல, ஆம்பளைங்க உக்காந்திருக்கிற இடத்துல." "அந்த வீட்டுல தட்டு வராத இடம் எது?" யோசிச்சேன். இதை யோசிச்சதே இல்லை. "உள்ள. பொம்பளைங்க பக்கம். நடுவீட்டுல கிடத்தியிருப்பாங்க, சுத்தி அவங்க உக்காந்து அழுவாங்க. அங்க யாரும் ஊத மாட்டாங்க." "அங்க உக்காருங்க." மேடம் கிண்டல் பண்றாங்களோன்னு மூஞ்சியைப் பாத்தேன், இல்லை. "ஆம்பளை உள்ள உக்கார மாட்டாங்க மேடம். போவோம், உடம்புக்கு ஒரு பூமாலையைப் போடுவோம், ஒரு நிமிசம் நிப்போம், வெளிய வந்துருவோம்." "உக்காந்தா தடுப்பாங்களா?" "தடுக்க மாட்டாங்க. ஒரு மாதிரிப் பாப்பாங்க. பொம்பளைங்க நடுவுல போயி உக்காந்துட்டான்னு பின்னாடி சொல்லிக் காட்டுவாங்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துரும் பேச்சு." "வரட்டுமே"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. ஆறிப்போன டீயை ஒரு வாய் குடிச்சு மூஞ்சியைச் சுளிச்சாங்க. "போனைப் போடுங்க சார். வீட்டுல பேசுங்க. இங்கேயே பேசுங்க, அடுத்த ஆளு ரெண்டு நிமிசம் காத்திருக்கட்டும்."

போன் உசிரு வர்றதுக்கு அவ்வளவு நேரம் எடுத்துச்சு. பதினாலு தடவை ரெங்கன் கூப்பிட்டிருக்கான். வளர்மதி ஒரு தடவைகூடக் கூப்பிடலை. போட்டேன். முதல் மணியிலயே எடுத்தா. பின்னால ஒரே அழுகைச் சத்தம், பொம்பளைங்க சத்தம், எங்க இருக்கான்னு கேக்க வேண்டியதே இல்லை. "உங்களுக்குப் போன் போகலைன்னதும் கொழுந்தனாரு எனக்குப் போட்டாரு. நீங்க அப்பச் சாமி கும்பிட்டுக்கிட்டிருந்தீங்க." அப்ப இவளுக்குத் தெரியும். எனக்கு இட்லி வைக்கிறப்பவே தெரியும். நான் அவ மூஞ்சியைப் பாக்காம சாப்பிட்டேன், அவளும் என் மூஞ்சியைப் பாக்காம வச்சிருக்கா. "ஏன் சொல்லலை?" "நான் சொன்னா உங்க காதுல விழுந்துரும்ல. ஆஸ்பத்திரிக்குப் போற நாளு, போயிட்டு வரட்டும்னு விட்டேன். நீங்க தெருத் திரும்புனதும் பஸ்ஸேறிட்டேன்." குரலு கம்மியிருந்துச்சு, அழுதிருக்கா, என் பங்காளிக்கு என்னைவிட முன்னாடி போயி அழுதிருக்கா. "இப்பச் சொல்லு"ன்னேன். "பெரிய மாமா போயிட்டாருங்க. விடியக்காலையில நெஞ்சு வலின்னாராம். தண்ணி கேட்டாராம், கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு." விழுந்துருச்சு. முழுசா விழுந்துருச்சு. ஒரு கையில போனை வச்சுக்கிட்டே இன்னொரு கையால மாலையைக் கழட்டுனேன், காது மடல்ல மாட்டுச்சு, தலையைக் குனிஞ்சு எடுத்து மேசை மேல வச்சேன், மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. கழுத்து வெறுமையா இருந்துச்சு. உடனே, அந்த நிமிசமே, ஒண்ணு வேணும்னு இருந்துச்சு. அவரு தண்ணி கேட்டாருன்னு இப்பத்தான் கேட்டேன், எனக்குப் புகை வேணும்னு இருந்துச்சு, என்ன மனுசன் நான்.

"வளரு, கழட்டிட்டேன்." "ம்." "பந்தல்ல தட்டு வச்சிட்டாங்களா?" "காலையிலேயே வச்சிட்டாங்க." அவளுக்கு விளங்கிருச்சு, எதுக்குக் கேக்கிறேன்னு, மூச்சு விடுறது மாறிருச்சு. "நீங்க வேணா எடுக்கிற நேரத்துக்கு வந்து நின்னுட்டுப் போயிருங்களேன். நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கிறேன். கால் போயிருச்சுன்னா என்ன பண்றது." அதுல ஒரு நிமிசம் விழப் பாத்தேன், பொய் சொல்லவே வேண்டாம், அவளே சொல்லிக்குவா. வேண்டாம்னேன். மண்டபத்துக்கு வெளியில நின்னாரு அவரு, நானும் வெளியில நின்னுட்டுப் போறதா. "நீ எங்க உக்காந்திருக்க?" "உள்ளதான். தலைமாட்டுல." "உன் பக்கத்துல இடம் இருக்கா?" "யாருக்கு?" "எனக்குத்தான். நான் உள்ள வந்து உக்காரணும். எடுக்கிற வரைக்கும் உன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். எந்திரிச்சா கையைப் பிடிச்சு உக்கார வையி." அவ போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல யார்கிட்டயோ பேசுறது கேட்டுச்சு. "அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. எங்க வீட்டுக்காரரு வர்றாரு." "அவருக்கு நாற்காலி வெளியில கிடக்கே வளரு?" "கிடக்கட்டும்க்கா. அவரு இங்கதான் உக்காரணும், நீங்க தள்ளி உக்காருங்க."